படுத்துக்கொண்டே துப்பறிந்த இன்ஸ்பெக்டர்



துப்பறியும் கதை என்றாலே துரத்தல், துப்பாக்கி எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு இன்ஸ்பெக்டர் கட்டிலை விட்டு இறங்காமலே கொலை வழக்கை விசாரித்தார் என்றால் நம்புவீங்களா? அதுவும் ஏறக்குறைய 470 வருஷத்துப் பழைய வழக்கு!

நூலக வகுப்பில் ஆங்கில டீச்சர் இந்தக் கதையைச் சொன்னாங்க. நாவலின் பெயர் 'தி டாட்டர் ஆஃப் டைம்'. அதாவது 'காலத்தின் மகள்'. 1951-இல் ஜோசபின் டே என்ற பெயரில் எழுதியவர் எலிசபெத் மெக்கிண்டாஷ். ஸ்காட்லாந்துக்காரர். முன்பு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர்!

கதையில் லண்டன் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆலன் கிராண்ட், குற்றவாளியைத் துரத்தும்போது விழுந்து காலை முறித்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரியில் பொழுதே போகவில்லை. பார்க்க வந்த தோழி சில பழைய படங்களைக் கொடுக்கிறார். அதில் ஒன்று இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு. 1483 முதல் 1485 வரை ஆண்டவர். அண்ணன் பிள்ளைகள் இருவரை லண்டன் கோட்டையில் வைத்துக் கொன்றார் என்று இவர் மேல் பழி. பெரியவனுக்கு 12 வயது, சின்னவனுக்கு 9 வயது. 1483-க்குப் பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை.

"இந்த முகமா கொலை செய்யும்?" என்று கிராண்டுக்குச் சந்தேகம். புத்தகங்களை வரவழைத்துப் படிக்கிறார். ரிச்சர்டைப் பற்றி மோசமாக எழுதியவர்களில் முக்கியமானவர் தாமஸ் மோர். அவர் பிறந்தது 1478. அப்படின்னா சம்பவம் நடந்தப்ப அவருக்கு ஐந்து வயசுதான்! சிறுவனாக அவர் வளர்ந்தது மார்ட்டன் என்பவர் வீட்டில். அந்த மார்ட்டன் ரிச்சர்டின் எதிரி. ஆக, மோர் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. கேட்டதைத்தான் எழுதினார். கேள்விப்பட்டது சாட்சி ஆகாது என்கிறார் கிராண்ட். அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருந்தால் யாருக்கு இடைஞ்சல் என்றும் யோசிக்கிறார். கடைசியில் ரிச்சர்டைத் தோற்கடித்து மன்னரான ஏழாம் ஹென்றி மேல்தான் அவருக்குச் சந்தேகம் திரும்புகிறது.

இதை எல்லா வரலாற்று அறிஞர்களும் ஏற்கவில்லை. ரிச்சர்டுதான் செய்திருப்பார் என்பவர்கள் இன்றும் நிறைய. 2012-இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டியபோது ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது நிஜம். ஆனால் ஒரு கை சூம்பியிருந்தது என்று சொன்னது பொய். பாதி நிஜம், பாதி கட்டுக்கதை!

எனக்கு ஒரு குறை உண்டு. முகத்தைப் பார்த்து நல்லவர் என்று கிராண்ட் நினைக்கலாமா? முகத்தைப் பார்த்துத் திருடி என்பதும் அதே தப்புதானே?

இதைச் சொல்லக் காரணம் இருக்கு. போன வருஷம் வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. நானும் ஒருத்தி பேரைச் சொன்னேன். "நீ பார்த்தியா?" என்று டீச்சர் கேட்டாங்க. "எல்லாரும் சொன்னாங்க" என்றேன். மறுநாள் அது அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. அவள் என்னோடு பேசவே இல்லை. இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஒருத்தர் மேல் பழி சொல்லும் முன் கேளுங்க: யார் பார்த்தது? யார் சொன்னது?

— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி