துகள் உணர்கருவிகளுக்கு மூப்புச் சோதனை

ஜெனீவா நகருக்கு அருகே நிலத்தடியில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்க வளையத்தில் புரோட்டான்கள் ஒன்றோடொன்று மோதவிடப்படுகின்றன. அம்மோதலில் தோன்றும் மியூவான் என்னும் துகள்களைக் கண்டறியும் கருவிகளுள் ஒன்று மின்தடைத் தகட்டு அறை. இதன் அமைப்பு எளியது. பழைய மின்விசைகளில் நாம் கண்டிருக்கும் பேக்கலைட் இனத்தைச் சேர்ந்த இரு தகடுகள். இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வாயுக்கலவை. தகடுகளுக்குக் குறுக்கே ஒன்பதாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம். துகள் ஊடுருவியதும் வாயுவில் எலெக்ட்ரான்கள் பெருகி மின்குறிப்பு தோன்றும். அங்குள்ள சி. எம். எஸ். என்னும் பெருங்கருவியிலுள்ள இத்தகைய அறைகளுள் ஒரு பகுதி, மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகமும் உருவாக்கி அளித்தவையாகும்.

இம்மோதல்களை 2030-ஆம் ஆண்டளவில் பன்மடங்கு மிகுவிக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. அக்கதிர்வீச்சை இவ்வறைகள் பல்லாண்டு தாங்குமா? பொருத்திய பின் எளிதில் கழற்றிப் பழுதுபார்க்க இயலாது. ஆதலின் முன்னரே அறிந்தாக வேண்டும். பல்லாண்டு காத்திருக்கவும் இயலாது. எனவே மூப்பினை விரைவுபடுத்துகின்றனர்.

இதற்கென 2015-இல் அமைக்கப்பட்ட சோதனைக்கூடத்தில் ஸீஸியம்-137 காமாக்கதிர் மூலம் ஒன்று உள்ளது. பொருத்தியபோது அதில் விநாடிக்கு ஏறத்தாழ 14 இலட்சம் கோடி அணுக்கள் சிதைந்தன. ஈய வடிகட்டிகளைக் குறுக்கே வைத்துக் கதிரின் செறிவைக் கூட்டவும் குறைக்கவும் கூடும். காமாக்கதிர் பொழிந்துகொண்டிருக்கும்போதே மியூவான் கற்றையையும் செலுத்தி, அறை அவற்றைத் தவறாது காண்கின்றதா என்று பார்க்கின்றனர். நண்பகல் வெயிலில் அகல்விளக்கின் சுடரைத் தேடுவது போன்ற வேலை இது.

2016-இல் தொடங்கிய நீண்ட சோதனையில், ஒரே வகையைச் சேர்ந்த இரு அறைகளுள் ஒன்று இடைவிடாது கதிரேற்றப்பட்டது. மற்றொன்று அவ்வப்போது மட்டும் இயக்கப்பட்டு ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் வற்புறுத்தும் அதே முறைதான். சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு மின்னூட்டம் பாய்ந்தது என்பதே மூப்பின் அளவுகோல். எதிர்பார்க்கும் அளவைப்போல் மூன்று மடங்கினை இலக்காகக் கொண்டனர்.

நாளடைவில், கதிரேற்றப்பட்ட அறையில் தகடுகளின் மின்தடை உயர்ந்தது. கதிர்வீச்சால் தகடு நிலையாகக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அது பிழையாகியிருக்கும். வாயுவின் ஈரப்பதத்தை உயர்த்தி, அதன் ஓட்டத்தையும் மிகுவித்தபோது மின்தடை தணியலாயிற்று. மிகுந்த மின்னோட்டத்தில் பேக்கலைட் உலர்ந்துபோனதே பெரும்பகுதிக் காரணம். விரைவுபடுத்திய சோதனையில், காலத்தைச் சுருக்கியதனால் விளைந்த கேடு எது, உண்மையான மூப்பு எது என்று பிரித்தறிவதே அரிய பணி. ஒப்பீட்டு அறை இராவிடில் அதற்கு வழியே இல்லை.

வாயுவைப் பற்றிய கவலை வேறு. கலவையின் பெரும்பகுதி ஃபுளோரின் அடங்கிய சேர்மமாதலால், கதிர்வீச்சில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகித் தகட்டின் உட்பரப்பை அரிக்கக்கூடும். அன்றியும், அவ்வாயு வளிமண்டலத்தை வெப்பமூட்டுவதில் கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல் வல்லது. ஆகவே மாற்று வாயுக்களும் இப்போது அதே கூடத்தில் ஆராயப்படுகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் மூப்புச் சோதனையை முதலிலிருந்தே நடத்தியாக வேண்டும்.