வாக்குச்சீட்டின் வறட்சியும் டேப் பந்தின் செழிப்பும்

இராணுவ ஆட்சிக்குப் பழகிவிட்ட மக்கள் அரசியலில் அக்கறை இழந்துவிடுகிறார்கள் என்னும் கருத்துக்குப் பாகிஸ்தானே முதல் சான்றாகக் காட்டப்படுவது வழக்கம். 1999 அக்டோபர் 12 அன்று, தேர்தலில் வென்று பிரதமரான நவாஸ் ஷெரீபின் அரசைத் தளபதி பர்வேஸ் முஷாரப்பின் படையினர் சில மணி நேரத்தில் கவிழ்த்தபோது, அதை எதிர்த்துப் பெருந்திரளான ஊர்வலம் எதுவும் எழவில்லை. சில இடங்களில் இனிப்புகூட வழங்கப்பட்டது. இந்த மௌனத்துக்குக் கிரிக்கெட் மோகத்தைக் காரணமாகச் சொல்வோரும் உண்டு. ஒரே மாலையில் முடிந்துவிடும் குறுகிய ஆட்டம்தான் இளைஞர்களை மழுங்கடித்தது என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது.

1977 ஜூலையில் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி ஜியா உல் ஹக், 90 நாட்களுக்குள் தேர்தல் நடத்துவதாக வாக்களித்து, அதைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டார். அக்காலத்து மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. தடை செய்யப்பட்ட கட்சிகள் ஒன்றுகூடி அமைத்த ஜனநாயக மீட்பு இயக்கம் 1983இல் சிந்து மாகாணத்தின் சிற்றூர்கள்வரை பரவியது; அதை அடக்க இராணுவம் இறக்கப்பட்டது. திறந்தவெளி மைதானங்களில் கூட்டத்தின் முன்னிலையில் கசையடி கொடுப்பதும் அந்த ஆட்சியின் நடைமுறையாக இருந்தது. 1984 பிப்ரவரியில் மாணவர் பேரவைகள், அதாவது கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்துக்கொண்ட மன்றங்கள், தடை செய்யப்பட்டன. கைதும் கசையும் ஒரு தலைமுறையை அச்சுறுத்தின என்றால், இந்தத் தடை அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு அரசியல் கற்கும் இடமே இல்லாமல் செய்தது. விளைவின் நீட்சியைக் கொண்டு பார்த்தால் இதுவே கொடியது.

அதே ஆண்டு டிசம்பரில் ஜியா நடத்திய பொதுவாக்கெடுப்பில் வாக்காளர்முன் வைக்கப்பட்ட கேள்வி, நாட்டின் சட்டங்களை இஸ்லாமிய நெறிக்கு இசைவாக்கும் பணியை ஆதரிக்கிறீர்களா என்பது. ‘ஆம்’ வென்றால் ஜியாவே மேலும் ஐந்தாண்டு குடியரசுத் தலைவர் என்று கொள்ளப்படும் என அறிவிக்கப்பட்டிருந்ததால், தளபதியை மறுக்க விரும்பியவர் மார்க்கத்தையே மறுப்பவராகத் தோன்ற வேண்டியிருந்தது. 97 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்பது அரசு வெளியிட்ட முடிவு. மறு ஆண்டு நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிப் பெயரோ பொதுக்கூட்டமோ ஊர்வலமோ கூடாது என்று விதிக்கப்பட்டது. கொள்கையைச் சொல்லி வாக்குக் கேட்க வழியில்லாத வேட்பாளர்கள், ‘பிராதரி’ எனப்படும் குலக்குழு உறவையும், தெருவுக்குச் சாலையும் குழாயும் போட்டுத் தருவதாகச் சொல்லும் உறுதிமொழியையும் நம்பி நின்றார்கள். வாக்கு என்பது ஆட்சியை மாற்றும் கருவி என்ற எண்ணம் தேய்ந்து, காரியம் சாதிக்கும் சிபாரிசுச் சீட்டாக அது சுருங்கிய கதை இங்கே தொடங்குகிறது. தேர்தல்கள் மீண்ட பிறகும், 1997இல் வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினார்கள். 2002இல் முஷாரப் தம் பதவிக்காக நடத்திய பொதுவாக்கெடுப்பில் வாக்காளர் பட்டியலே இல்லை. ஏதேனும் ஓர் அடையாள அட்டையைக் காட்டினால் எந்தச் சாவடியிலும் வாக்களிக்கலாம் என்ற ஏற்பாட்டில், மறுபடியும் 97 விழுக்காட்டுக்கு மேல் ‘ஆம்’ வந்தது. முடிவு இப்படி முன்கூட்டியே தெரிந்த போட்டியில் ஒருவர் ஆர்வம் இழப்பதை அறியாமை என்று பழிப்பது நியாயமாகாது.

முடிவு தெரியாத போட்டி ஒன்று அதே காலத்தில் கராச்சியின் தெருக்களில் உருவாகிக்கொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்நகர இளைஞர்கள் டென்னிஸ் பந்தின் மேல், மின்பணியாளர்கள் கம்பிகளுக்குச் சுற்றும் பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி ஆடத் தொடங்கினார்கள். பந்தின் ரோமப் பரப்பு முழுவதும் மறையும்படி, சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்ட வேண்டும். தையல் வேண்டுமென்றால் நடுவில் இன்னொரு பட்டை கூடுதலாக ஒட்டப்படும். இவ்வாறு எடை கூடி வழவழப்பான இந்த ‘டேப் பந்து’ வேகமாகச் செல்லும். ஒரு பக்கத்து நாடா கிழிந்ததும் காற்றில் வளையும். ஆனாலும் கால்காப்பும் கையுறையும் இல்லாமலே அதை எதிர்கொள்ளலாம் என்பதால், கிரிக்கெட்டின் செலவு ஒரு மட்டை, ஒரு பந்து, ஒரு சுருள் நாடா என்ற அளவுக்கு இறங்கியது. ஓவர்களும் ஆறு, எட்டு, பத்து என்று குறைந்தன. ரமலான் மாதத்தில், தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்து, விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவுக்கு எழும் நேரம் வருவதற்குள் ஒரே இரவில் பல ஆட்டங்களை முடித்தாக வேண்டும் என்னும் நெருக்கடிக்கு, மின்விளக்கின் கீழ் ஆடும் இந்தக் குறுகிய வடிவம் பொருந்தி வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஜியாவின் காலத்தில் தேசியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைமையில் விமானப்படையின் நூர் கானும், தரைப்படையின் சஃப்தர் பட்டும் அடுத்தடுத்து இருந்தார்கள். முஷாரப்பின் காலத்தில் தளபதி தௌகீர் ஜியா வந்தார். 1987 பிப்ரவரியில் இந்தியாவுடன் எல்லைப் பதற்றம் நிலவியபோது, ஜியா உல் ஹக் ஜெய்ப்பூருக்குப் பறந்து சென்று டெஸ்ட் போட்டியைப் பார்த்ததும் அரசு காரியமே. ஆகவே சீருடையின் நிழல் விழுந்தது ஐந்து நாள் ஆட்டத்தின்மீது. தெருவின் ஆட்டத்துக்குப் புரவலரும் இல்லை, வாரியமும் இல்லை. சந்தா திரட்டுவது, தலைவரைத் தேர்வது, தெருவுக்கேற்ப விதி வகுப்பது, நடுவரின் தீர்ப்பைத் தோற்றவரும் ஏற்பது ஆகிய அனைத்தையும் ஆடுபவர்களே செய்துகொண்டார்கள். மாணவர் பேரவைக்கு இது ஈடாகாது. ஆயினும் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட விதிக்குக் கட்டுப்படும் பழக்கம் அந்த ஆண்டுகளில் எஞ்சிய இடங்களுள் இதுவும் ஒன்று.

இருபது ஓவர் ஆட்டம் 2003இல் இங்கிலாந்தில் தொழில்முறை வடிவம் பெற்று, 2005இல் லாகூரில் உள்நாட்டுக் கோப்பையாக அரங்கேறியபோது, பாகிஸ்தானியர் அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டே ஃபைசலாபாத் அணி இங்கிலாந்தின் லெஸ்டரில் நடந்த பன்னாட்டுக் கழகப் போட்டியை வென்றது. குறுகிய ஆட்டம் மட்டையாளர்களின் விளாசலுக்கு மட்டுமே உரியது என்னும் குறையை, 2009 இருபது ஓவர் உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக மூன்று ஓவர்களில் 6 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்த பாகிஸ்தான் பந்துவீச்சாளர் உமர் குல் பொய்யாக்கினார். மட்டையாளரின் பாதத்தருகே குத்தும் யார்க்கர் பந்து அவருடைய ஆயுதம். பந்து அதிகம் எழும்பாத தெருக்களில் அதுவே மிகுதியும் பயன்படும்.

இந்த ஆட்டம் மக்களை உறங்க வைத்தது என்ற வாதத்துக்கு 2007ஆம் ஆண்டே மறுமொழி. மார்ச் மாதம் தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரியை முஷாரப் பணியிலிருந்து விலக்கியதும், கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞர்கள் நகரம் நகரமாகத் தெருவில் இறங்கினார்கள். செப்டம்பரில் முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் இந்தியாவிடம் 5 ஓட்டங்களில் தோற்றதை நாடே பார்த்தது. நவம்பரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோதும் போராட்டம் ஓயவில்லை. 2008 ஆகஸ்டில் முஷாரப் பதவி விலகினார். மாணவர் பேரவைகள்மீதான தடையை நீக்குவதாக அவ்வாண்டு அமைந்த மக்களாட்சி அரசு அறிவித்தும் அவை நடைமுறையில் உயிர்பெறவில்லை. அவற்றை மீட்கும் சட்டத்தைச் சிந்து மாகாணம் 2022இல்தான் இயற்றியது.