மின்பொறியியல் படிக்க விடலாமா? ஒரு குடும்பக் கணக்கு

யேர்மனியில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம் என்று ஊரிலிருக்கும்போதே கேள்விப்பட்டு வந்தவர்கள் நாங்கள். அது பொய்யல்ல. 2006, 2007ஆம் ஆண்டுகளில் சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை அறவிடத் தொடங்கின. மாணவர்களின் எதிர்ப்பு வலுக்க ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியாக நீடர்சாக்சன் 2014இல் நிறுத்தியது. இப்போது அரச பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகள் கட்டுவது செமஸ்டர் பங்களிப்பு மட்டுமே. அது பெரும்பாலும் 100 யூரோவுக்கும் 400 யூரோவுக்கும் இடைப்பட்ட தொகை. பல நகரங்களில் பஸ், ரயில் ரிக்கற்றும் அதற்குள் அடங்கிவிடும்.

லண்டனில் உள்ள சொந்தக்காரர் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார். இங்கிலாந்தில் 2025ஆம் ஆண்டு தொடங்கிய கல்வியாண்டுக்கு உள்நாட்டு மாணவரின் உச்சக் கட்டணம் 9,535 பவுண்ஸ். மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

ஆனாலும் 'இலவசம்' என்ற சொல்லோடு கணக்கை மூடிவிடக் கூடாது. விலை வேறொரு பக்கத்தில் இருக்கிறது. நான் சாதாரணதரத்துடன் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆகவே இது படித்த ஒருவர் சொல்லும் புத்திமதி அல்ல. மெசினுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவன் தன் வீட்டுக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு.

எஞ்சினியர் என்றால் நம்மவருக்கு ஏன் இத்தனை மயக்கம் என்பதை விளக்கத் தேவையில்லை. 1970களின் தரப்படுத்தலில் பேராதனைக்கும் கட்டுப்பெத்தைக்கும் போக முடியாமற் போன தலைமுறையின் ஏக்கம் அது. பிறகு யுத்தம். தகப்பனுக்குக் கிடைக்காததை மகன் வாங்க வேண்டும் என்று நினைப்பதில் பிழையில்லை. ஆனால் அந்த ஏக்கத்துக்காக ஒரு பிள்ளையின் 42 மாதங்களைக் கொடுக்கிறோம் என்பதையும் நினைக்க வேண்டும்.

42 மாதம் எங்கிருந்து வந்தது? பாக்கோக்சூல எனப்படும் தொழில்சார் உயர்கல்லூரியில் மின்பொறியியல் பட்டத்துக்கு வழக்கமாக 7 செமஸ்டர், அதாவது மூன்றரை வருடம். பல்கலைக்கழகத்தில் 6 செமஸ்டரில் முதற்பட்டம், பெரும்பாலானோர் அதற்கு மேல் மாஸ்டருக்கு இன்னும் 4 செமஸ்டர் படிக்கிறார்கள். மின்னியலாளராக வரத் தொழிற்பயிற்சி, அதாவது அவுஸ்பில்டுங் செய்தால், அதுவும் சரியாக மூன்றரை வருடம். ஒரே காலம், இரண்டு பாதை.

இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் தினமும் பார்க்கிறேன். நாங்கள் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிறோம். மெசின் நின்றால் நான் போன் எடுப்பேன். மின்னியலாளர் மீற்றருடன் வருவார். பியூஸ், சென்சர், மோட்டார், வயர் என்று வரிசையாகப் பார்ப்பார். பத்துத் தடவையில் எட்டுத் தடவை மெசின் அரைமணித்தியாலத்தில் ஓடும். மிச்ச இரண்டுக்குத்தான் எஞ்சினியர் மடிக்கணினியோடு வருவார். மெசினைக் கட்டுப்படுத்தும் புரோகிராமைத் திறப்பார். இந்த மோட்டார் ஏன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எரிகிறது என்று சுமையைக் கணக்கிட்டுப் பார்ப்பார். அடுத்த மெசினை எப்படிக் கட்டுவது என்று தீர்மானிப்பவரும் அவர்தான். ஒருவர் திருத்துகிறார், மற்றவர் கணிக்கிறார். இரண்டுக்கும் மூளை வேண்டும், ஆனால் வேறுவேறு மூளை.

கணிப்பவருக்குக் கணிதம் வேண்டும். முதல் இரண்டு செமஸ்டரில் பிள்ளை மின்சாரத்தைத் தொடுவதை விடக் கணிதத்தைத்தான் தொடும். ஆடலோட்டச் சுற்றுக்குச் சிக்கலெண், மின்புலத்துக்குத் தொகையீடு, கட்டுப்பாட்டியலுக்கு வகையீட்டுச் சமன்பாடு. ஊரில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவருக்குப் பாதி பழகிய முகங்கள். ஆனால் அதை டொச்சில் கேட்டு, டொச்சில் எழுத வேண்டும். பல்கலைக்கழகம் பொதுவாகக் கேட்பது சி1 தரம். பெரும்பாலான இடங்களில் ஒரு சோதனையை மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பே முடிந்தது. இதை வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை.

இனிக் காசு. 2026 தைமாதம் முதல் சட்டப்படியான ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 13.90 யூரோ. முழுநேரம் உழைத்தால் வரிக்கு முன் மாதம் ஏறக்குறைய 2,400. 42 மாதத்துக்கு ஒரு இலட்சம் யூரோவைத் தாண்டுகிறது. உழைக்கக்கூடிய ஒருவர் படிக்கப் போனால் வீடு இழப்பது இதைத்தான். கடன் கட்டி ஆளைக் கூப்பிட்ட குடும்பத்துக்கு இது சின்ன எண் அல்ல.

அரசின் பாஃபெக் உதவி இதில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். 2024 இலையுதிர் காலத்திலிருந்து தனியே வாழும் மாணவருக்கு உச்சத் தொகை, மருத்துவக் காப்புறுதியையும் சேர்த்து, மாதம் 992 யூரோ என்று வைத்தார்கள். பெற்றோருடன் ஒரே வீட்டில் இருந்தால் அடிப்படை 534 மட்டும். பெற்றோரின் வருமானத்தையும் பார்ப்பார்கள். நம்மைப் போன்ற தொழிற்சாலைச் சம்பளக்காரரின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சாத்தியம் அதிகம். பாதி தானம், பாதி வட்டியில்லாக் கடன். அந்தக் கடனிலும் 130 யூரோ வீதம் 77 தவணை, மொத்தம் 10,010 யூரோ கட்டினால் மிச்சம் தள்ளுபடி. 42 மாதம் முழுத் தொகை வாங்கினால் 41,664 வரும். திருப்பிக் கட்டுவது அதில் கால்வாசிக்கும் குறைவு. இப்படிப்பட்ட கடனுக்கு நம் ஆட்கள் பயப்படுவது எனக்கு விளங்கவில்லை. சீட்டுக்கு எடுத்துக் கட்டும் வட்டியை விட இது எவ்வளவோ மேல். நான்காம் செமஸ்டர் முடிவில் ஒழுங்காகப் படித்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள், அதை மறக்க வேண்டாம். 2022இலிருந்து வயதெல்லை 45. முப்பது தாண்டிய எனக்கே சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது!

அவுஸ்பில்டுங்கில் கணக்குத் தலைகீழ். முதல் மாதமே சம்பளம். 2026இல் தொடங்குபவருக்குச் சட்டப்படி ஆகக்குறைந்தது 724 யூரோ, வருடா வருடம் கூடும். உலோகத் தொழில் ஒப்பந்தமுள்ள பெரிய தொழிற்சாலைகளில் முதல் வருடமே ஆயிரத்துக்கு மேல். ஒரு சதமும் திருப்பிக் கட்டத் தேவையில்லை.

பட்டம் முடித்த மின்பொறியியலாளர் வருடத்துக்கு ஏறக்குறைய 50,000 யூரோவில் தொடங்குகிறார். நல்ல தொழிற்சாலையில் மூன்று நேரமும் மாறிமாறி வேலைசெய்யும் மின்னியலாளர், இரவு வேலைப் படியோடு சேர்த்தால், ஆரம்பத்தில் அதற்கு மிகத் தூரத்தில் இல்லை. இடைவெளி பத்து வருடம் கழித்துத்தான் விரிகிறது. இரவு வேலைக் காசு உடம்பிலிருந்து வரும் காசு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஐம்பது வயதில் இரவு இரண்டு மணிக்கு ஏணியில் ஏறுவது வேறு கதை.

எஞ்சினியருக்கு வேலை நிச்சயமா? கடைசி அணு உலைகள் 2023 சித்திரை 15இல் மூடப்பட்டன. வடக்கின் காற்று மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவர ஏறக்குறைய 700 கிலோமீற்றர் நீளத்துக்கு சூட்லிங் கேபிளைப் புதைக்கிறார்கள். வலைப்பின்னல், மின்மாற்றி, சேமிப்பு என்று மின்சக்திப் பக்கத்தில் ஆள் தேவை. கார்ப் பக்கம் அப்படியல்ல. இசட்.எப். நிறுவனம் யேர்மனியில் 14,000 வேலைகள் வரை குறைக்கப் போவதாக 2024இல் அறிவித்தது. ஆகவே படிப்பதானால் எந்தப் பிரிவு என்பதையும் கேளுங்கள்.

இதுவரை சொன்னது வதிவிட உரிமை உறுதியானவர்களுக்கு. என் மனைவியின் தம்பிக்கு அது உறுதியாக இருக்கவில்லை. 21 வயது, ஊரில் கணிதப் பிரிவு, நல்ல கெட்டிக்காரன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு டுல்டுங்கில் இருந்தான். ஒரே மாதத்தில் இரண்டு கடிதம் வந்தன. ஒன்று பாக்கோக்சூல அனுமதி, மற்றது ஒரு சிறிய மின் நிறுவனத்தின் அவுஸ்பில்டுங் ஒப்பந்தம். மாமி ஊரிலிருந்து, "வயர் இழுக்கவா என்ர பிள்ளையை அனுப்பினனான்?" என்று கேட்டா. இரண்டு கிழமை எங்களுடன் கதைக்கவேயில்லை.

நாங்கள் வக்கீலிடம் போனோம். 2016 சட்டத்தின்படி, தகுதியான அவுஸ்பில்டுங் செய்பவரைப் பயிற்சி முடியும் வரை திருப்பி அனுப்புவதில்லை. முடித்துப் படித்த தொழிலிலேயே வேலை கிடைத்தால் இரண்டு வருட விசா. 2024 பங்குனியிலிருந்து, தன் செலவைத் தானே பார்ப்பவர் பயிற்சிக் காலத்திலேயே வதிவிட அனுமதியும் கேட்கலாம். அடையாளம் உறுதியாயிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் காலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மாமிக்கு இதைப் போனில் விளங்கப்படுத்தியது என் மனைவிதான். அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தான். இப்போது இரண்டாம் வருடம்.

பட்டம் கைவிட்டுப் போய்விட்டதா என்றால், இல்லை. தொழிற்பயிற்சியும் மூன்று வருட வேலையும் இருந்தால், அபிற்றூர் இல்லாமலே அதே துறையில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க 2009இல் மாநிலங்கள் உடன்பட்டன. மைஸ்ரர் அல்லது ரெக்னிக்கர் முடித்தால் கதவு இன்னும் அகலம். 10 வயதில் பிள்ளையைக் கௌப்ற்சூலவுக்கு அனுப்பிவிட்டார்களே என்று கவலைப்படும் பெற்றோரும் இதைக் குறித்துக் கொள்ளுங்கள். வதிவிட உரிமையும் டொச்சும் கணிதமும் மூன்றும் சரியாக இருக்கும் பிள்ளையைத் தயங்காமல் படிக்க விடுங்கள், பெண்பிள்ளை என்றாலும். நிறுவனம் சம்பளம் தந்து படிப்பிக்கும் டுவால் படிப்புக் கிடைத்தால் அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. டொச் இன்னும் பி1இல் நிற்கும் பிள்ளைக்கு முதலில் தொழில்.

ஊரிலிருந்து மாணவ விசாவில் மருமகனைக் கூப்பிட நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. 2024 புரட்டாதி முதல் முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை வருடத்துக்கு 11,904 யூரோ. பாடன் வூட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கு அது இல்லை. இடம் எடுத்துத் தருகிறோம் என்று தனியார் கல்லூரிகளின் பெயரில் காசு கேட்பவர்களை அண்டவிடாதீர்கள்.

திகதிகள்: இடம் மட்டுப்படுத்தப்பட்ட படிப்புகளுக்குக் குளிர்கால செமஸ்டர் விண்ணப்பம் பெரும்பாலும் ஆடி 15உடன் முடியும். அவுஸ்பில்டுங் ஆவணி அல்லது புரட்டாதியில் தொடங்கும். பெரிய நிறுவனங்கள் ஒரு வருடம் முந்தியே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும்.