கல்பாசியின் மெய்யான பெயர் – லைக்கன்களை இனம்காண மரபணு சொல்லும் சாட்சி

நம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்குப் போய், "அண்ணாச்சி, குருமாவுக்குக் கல்பாசி அம்பது கிராம் குடுங்க" என்று கேளுங்கள். மேலே சாம்பல் நிறமும் கீழே கருப்புமாக, சுருண்ட காகிதம் போன்ற ஒரு சரக்கைப் பொட்டலம் கட்டித் தருவார்.

"இது கடல்ல வர்ற பாசியா அண்ணாச்சி?"

"இல்லம்மா, மலையில கல்லு மேலயும் மரத்து மேலயும் ஒட்டிக் கிடக்கும். பேருதான் பாசி."

அண்ணாச்சி சொன்னது சரிதான். கல்பாசி வெறும் பாசி அல்ல. அது ஒரு லைக்கன். செட்டிநாட்டுச் சமையலில் மணம் கொடுப்பதும், ஆயுர்வேதத்தில் சைலேயம் என்று சொல்லப்படுவதும் இந்த வகைதான். ஆனால் அந்த ஒரு பொட்டலத்துக்குள் எத்தனை இனங்கள் இருக்கின்றன என்று கேட்டால் அண்ணாச்சிக்கும் தெரியாது, வாங்குகிற நமக்கும் தெரியாது. இந்தியச் சந்தைகளில் விற்கும் கல்பாசியை ஆராய்ந்த தாவரவியலாளர்கள், அதில் பல இனங்கள் கலந்தே வருவதைக் கண்டிருக்கிறார்கள். அவற்றை எப்படிப் பிரித்து அறிவது? அதைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

ஒரு வீடு, இரண்டு குடித்தனம்

லைக்கன் என்பது ஒரு தனி உயிர் அல்ல. பூஞ்சை ஒன்றும் பாசி ஒன்றும் சேர்ந்து நடத்துகிற கூட்டுக் குடித்தனம். பூஞ்சை சுவர் எழுப்புகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி வெயிலை வைத்து உணவு சமைக்கிறது. இதை முதலில் துணிந்து சொன்னவர் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர். 1867-ல் அவர் சொன்னபோது அந்தக் காலத்துப் பெரிய நிபுணர்கள் பலர் ஏற்கவில்லை.

பெயர் வைக்கும் விதியில் ஒரு வேடிக்கை உண்டு. லைக்கனுக்கு நாம் வைக்கும் அறிவியல் பெயர் பூஞ்சைக்கு மட்டுமே உரியது. பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. அடுப்படியில் வேலை செய்வது ஒருவர், வாசல் பலகையில் பெயர் இன்னொருவருடையது! ஆகவே லைக்கனை இனம்காண்பது என்றால், அதிலுள்ள பூஞ்சையை இனம்காண்பது என்று பொருள்.

கண்ணும் துளி மருந்தும்

லின்னேயஸ் 1753-ல் தமக்குத் தெரிந்த லைக்கன்களையெல்லாம் 'லைக்கன்' என்ற ஒரே பேரினத்தில் அடைத்துவிட்டார். அவருடைய மாணவர் எரிக் அக்காரியஸ்தான் உருவத்தைப் பார்த்துப் பல பேரினங்களாகப் பிரித்தார். பிறகு 1866-ல் பின்லாந்துக்காரரான நைலாண்டர், ரசாயனத் துளிகளை வைத்துச் சோதிக்கும் வழியைக் கொண்டுவந்தார்.

இன்றும் முதல் படி இதுதான். கல்பாசியாக விற்கும் பார்மோட்ரீமா பேரினத்தில் இரண்டு இனங்களைப் பாருங்கள். பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்பதன் ஓரத்தில் மாவு போன்ற தூள் இருக்கும். பார்மோட்ரீமா டிங்டோரம் என்பதன் மேற்புறத்தில் மிக நுண்ணிய விரல்கள் போன்ற முளைகள் இருக்கும். பின்னதன் மேல்தோலைச் சுரண்டி, உள்ளே தெரியும் வெள்ளைப் பகுதியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிந்த நீரை ஒரு சொட்டு விட்டால் சிவந்துவிடும். அதிலுள்ள லெக்கனோரிக் அமிலம் செய்கிற வேலை அது. (சோதித்த துண்டைக் குருமாவில் போட்டுவிடாதீர்கள்!)

நம் வீட்டுத் தென்னையிலும் மாமரத்திலும் சாம்பல் வட்டமாக ஒட்டியிருப்பதும் லைக்கன்தான். பிக்ஸின் கோகோயெஸ் என்ற இனத்துக்குத் தென்னையின் பெயரே வந்திருக்கிறது. புற ஊதா விளக்கைக் காட்டினால் அதன் மேற்புறம் மஞ்சளாக ஒளிரும். பக்கத்திலேயே வளரும், பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் டிரினேரியா அப்ளனாட்டா அப்படி ஒளிராது. லக்னோவில் பணியாற்றிய பேராசிரியர் டி.டி. அவஸ்தி இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்தே இந்திய லைக்கன்களுக்கு வழிகாட்டிப் பட்டியல்களை உருவாக்கினார்.

மரபணு எப்படிப் பேசுகிறது?

உருவமும் ரசாயனமும் ஒன்றாக இருந்தும் இனம் வேறாக இருந்தால் என்ன செய்வது? அங்கேதான் டி.என்.ஏ. சாட்சிக் கூண்டில் ஏறுகிறது.

லைக்கனின் சிறு துண்டை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் சுத்தம் செய்து, டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். அதில் பூஞ்சை, பாசி, பாக்டீரியா எல்லாருடைய டி.என்.ஏ.வும் கலந்திருக்கும். கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல, பூஞ்சையின் டி.என்.ஏ.வில் மட்டும் ஒட்டும் 'பிரைமர்' என்ற சிறு துணுக்கைப் போடுகிறார்கள். பி.சி.ஆர். முறையில் அந்தப் பகுதி மட்டும் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருகும். பிறகு அதன் எழுத்துகளை வரிசையாகப் படிக்கலாம்.

பெரும்பாலும் படிப்பது ஐ.டி.எஸ். என்ற சில நூறு எழுத்துகள் கொண்ட பகுதியை. 2012-ல் பூஞ்சைகளுக்கான பொதுவான 'பார்கோடு' என்று இதை ஏற்றுக்கொண்டார்கள். ஓர் இனத்துக்குள் இதில் வேறுபாடு கொஞ்சம்தான். இனம் மாறினால் வேறுபாடு கூடும். எல்லா வரிசைகளையும் அடுக்கிப் பார்த்தால் யார் யாருக்கு நெருங்கிய சொந்தம் என்று ஒரு வம்சக் கிளைப்படம் கிடைக்கும்.

ஒன்று பலவானது, பல ஒன்றானது

இதனால் வந்த மாற்றங்கள் கொஞ்சநஞ்சமல்ல. தென் அமெரிக்க மலைகளில் விசிறி போல வளரும் கோரா என்ற லைக்கனை நெடுங்காலம் ஒரே இனம் என்றுதான் நினைத்தார்கள். 2014-ல் வெளியான மரபணு ஆய்வு அதில் குறைந்தது 126 இனங்களைக் காட்டியது. 400-க்கும் மேல் இருக்கலாம் என்றும் கணித்தது.

நம் கல்பாசி வீட்டில் நடந்தது நேர்மாறு. ரிமேலியா, கானோமாக்குலினா முதலிய நான்கு பேரினங்களைத் தனித்தனியாக வைத்திருந்தார்கள். 2005-ல் மரபணுவைப் பார்த்தபோது அவை பார்மோட்ரீமாவின் கிளைகளுக்கு நடுவேதான் வந்தன. ஆகவே எல்லாவற்றையும் ஒரே பேரினமாகச் சேர்த்துவிட்டார்கள்.

மரபணுவும் தடுமாறும்

ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. அண்டார்க்டிக்காவில் உஸ்னியா பேரினத்தில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று தூள் உதிர்த்துப் பரவும், மற்றது வித்துத் தட்டுகளால் பரவும். சில மரபணுப் பகுதிகளை மட்டும் பார்த்தபோது அவற்றைப் பிரிக்க முடியவில்லை. 2018-ல் மரபணுத் தொகுதியின் மிகப் பல இடங்களை ஒப்பிட்டபோது இரண்டும் தனித்தனி இனங்கள் என்று தெரிந்தது.

இன்னொரு கதை உணவோடு சம்பந்தப்பட்டது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பிரையோரியா ஃப்ரெமான்டி என்ற லைக்கனைப் பழங்குடி மக்கள் சமைத்து உண்டார்கள். அதன் இரட்டைப் பிறவி போன்ற பிரையோரியா டார்ட்டுவோசாவில் வல்பினிக் அமிலம் என்ற விஷம் அதிகம். ஆனால் இரண்டிலும் பூஞ்சையும் அதேதான், பாசியும் அதேதான் என்றது மரபணு. பிறகு எப்படி ஒன்று சோறு, ஒன்று நஞ்சு? 2016-ல் டோபி ஸ்ப்ரிபில் குழுவினர் வெளித்தோலில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட் பூஞ்சை ஒளிந்திருப்பதையும், நச்சு வகையில் அது அதிகம் இருப்பதையும் கண்டார்கள். அந்த ஈஸ்டின் உண்மையான வேலை என்ன என்பதில் இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் 'இரண்டு குடித்தனம்' என்ற பழைய பாடத்தில் ஒரு வரி கூடிவிட்டது.

நமக்கு இதில் என்ன?

"பேர் எதுவானால் என்ன, வாசனை வந்தால் சரி" என்று தோன்றலாம். ஆனால் கல்பாசியை யாரும் வயலில் பயிரிடுவதில்லை. காட்டிலிருந்து பிய்த்தே எடுக்கிறார்கள். வருடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் வளரும் ஒன்றை மூட்டை மூட்டையாக எடுத்தால் மீண்டுவர எத்தனை வருடம் ஆகும்? அதிலும், ஒரே இனம் என்று நினைத்து எடுப்பதில் அரிய இனம் ஒன்று மறைந்திருந்தால், பெயர் கிடைக்கும் முன்பே அது போய்விடும். கணக்கில் வராததை யாரும் காப்பாற்ற முடியாது.

இந்த வேலைக்கு நம் ஊரைவிட நல்ல இடம் ஏது? பொன்முடிக்குப் போகிற யாரும் மரப்பட்டையை உற்றுப் பார்த்தால் போதும். அகத்தியர்மலை உயிர்க்கோளக் காப்பகம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் விரிந்து கிடக்கிறது; 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது. பாலோட்டில் 1979-ல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரத் தோட்டமும், நகரத்திலேயே ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன. உலகத் தரவு வங்கிகளில் வெப்பமண்டல லைக்கன்களின் மரபணு வரிசைகள் இன்னும் குறைவு. அந்த இடத்தை நிரப்பப் போவது இங்கே படிக்கும் நம் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை கல்பாசியை எண்ணெயில் போடும் முன் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் தூளா, மேலே முளையா என்று பிள்ளைகளிடம் காட்டுங்கள். படிப்பு அங்கிருந்தே தொடங்கட்டும்.