பள்ளிக் கட்டணம்: ஒரு பை பிளாஸ்டிக்

அசாம் மாநிலம் குவஹாத்தி அருகே பமோஹியில் 2016-இல் தொடங்கியது அக்‌ஷர் பள்ளி. குளிர்காலத்தில் அக்கம்பக்கத்தார் பிளாஸ்டிக்கைக் கொளுத்திக் குளிர்காய, அந்தப் புகை வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடும். வீட்டுக் குப்பையைக் கொடுத்தனுப்புங்கள் என்று பள்ளி கேட்டது, பெற்றோர் அசைந்துகொடுக்கவில்லை. அப்படியானால் கட்டணம் கட்டுங்கள், பணமாக வேண்டாம், பிளாஸ்டிக்காகப் போதும் என்றது பள்ளி. அவ்வளவுதான், பிள்ளைகள் தோளில் புத்தகப்பை, கையில் குப்பைப்பை! கொண்டுவந்த உறைகளைக் காலி பாட்டிலுக்குள் குச்சியால் இறுக இறுகத் திணிக்கிறார்கள். பாட்டில் கல்லுப்போல் கெட்டியாகிவிடும். செடிகளைச் சுற்றி வரப்புக் கட்ட, சின்னச் சுவர் எழுப்ப அதுவே செங்கல். ஒரு பாட்டிலுக்குள் எத்தனை மிட்டாய் உறை அடங்கும்? திணித்துப் பார்த்த பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.