பச்சை மங்கிச் சாம்பலாகும் பட்டைகள்

புது தில்லி: எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. இடது ஓரத்தில் பளிச்சிடும் பச்சை, ஆண்டுக்கொரு பட்டையாக மங்கி, வலது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் முடிகிறது. உயிரினப் பன்மை அழிந்துவருவதை ஒரே பார்வையில் உணர்த்துவதற்காக, பிரிட்டனின் டெர்பி பல்கலைக்கழகப் பேராசிரியர் மைல்ஸ் ரிச்சர்ட்சன் 2022-ல் உருவாக்கிய வரைபடம் இது.

புவி வெப்பமடைவதை நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் பட்டைகளால் 2018-ல் எடுத்துக்காட்டியவர் ரெடிங் பல்கலைக்கழக விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ். அந்த உத்தியே இங்கும் கையாளப்பட்டுள்ளது.

பச்சைப் பட்டைகளுக்கு ஆதாரம், உலக அளவில் கணிக்கப்படும் 'வாழும் கோள் குறியீடு'. கண்காணிப்பில் உள்ள வன உயிரினங்களின் எண்ணிக்கை 1970-க்கும் 2020-க்கும் இடையே சராசரியாக 73 சதவீதம் சரிந்ததாக 2024-ம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. நூறு விலங்குகளில் 73 மடிந்தன என்பது இதன் பொருளல்ல. ஒவ்வோர் இனத்தொகுதியிலும் ஏற்பட்ட மாற்றத்தின் சராசரியே இது.

சராசரி மறைத்துவிடும் உண்மைகளும் உண்டு. இந்தியாவில் சிவிங்கிப் புலி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட ஆண்டு 1952. 1970-ல் தொடங்கும் பட்டைகளில் அந்த இழப்புக்கு இடமே இல்லை. வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகளோ 1992-க்கும் 2007-க்கும் இடையே 99.9 சதவீதம் குறைந்தன. அந்த இனத்துக்கு மட்டும் தனியே வரைபடம் தீட்டினால், பச்சை படிப்படியாக மங்காது. பதினைந்தே ஆண்டுகளில் சாம்பலாகிவிடும்.

இந்தச் சரிவின் காரணத்தை எந்த நிறமும் சொல்லாது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட 'டைக்ளோஃபெனாக்' வலிநிவாரணியே அது என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அம் மருந்து செலுத்தப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. கால்நடைகளுக்கு அதைத் தருவதை மத்திய அரசு 2006-ல் தடை செய்தது. ஆயினும், மனிதர்களுக்கெனத் தயாரான பெரிய மருந்துக் குப்பிகள் மாட்டுத் தொழுவங்களுக்குத் தொடர்ந்து சென்றன. அவற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் ஆணை வர மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. கழுகுகளுக்கு நஞ்சாகும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் மருந்துகள் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டது 2023-ல்தான்.

மீட்சியும் இயலாததல்ல. 2006-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,411 என மதிப்பிடப்பட்ட புலிகள், 2022-ல் 3,682 ஆயின. சட்டம், நிதி, காவல் ஆகிய மூன்றும் பல்லாண்டுகள் அவற்றுக்குத் துணை நின்றன. அந்த அக்கறையில் ஒரு பங்கேனும் கழுகுகளுக்கும் கிட்டுமா என்பதைப் பொருத்தே, அவற்றுக்கான அடுத்த பட்டையின் நிறம் அமையும்.