மஞ்சள் கடுதாசியும் குடியிருக்கும் வீடும்

நம் தொழிலில் "மஞ்சள் கடுதாசி" என்றால் விளக்கம் தேவையில்லை. கடன் தாங்காமல் கோர்ட்டில் ஐ.பி. மனு போடுகிறார் என்று பொருள். வயதான வியாபாரிகள் சிலர் குடியிருக்கும் வீட்டை வைத்து ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடன் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் மஞ்சள் கடுதாசி கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் உறுப்பினர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சில மாதங்களுக்கு முன் சில்லறை வியாபாரி ஒருவர் என் மண்டிக்கு வந்தார். பட்டு நெசவாளர் குடும்பங்களுக்கு மாதக் கணக்கில் மளிகை கொடுத்து வந்தவர். தறி ஓட்டம் குறைந்ததும் நோட்டில் எழுதிய பாக்கி நோட்டிலேயே நின்றுவிட்டது. எனக்கும் அவர் தர வேண்டியது உண்டு, அதை மறைக்கவில்லை. "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி, வீடுதான் பேங்க் அடமானத்தில் இருக்கிறதே, யார் தொட முடியும்?" என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். யோசனை சொன்னவர் பேங்க் பத்திரத்தைப் படித்திருக்க மாட்டார்.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் நம் நாட்டில் 2007-08 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. விதிமுறைகளை வகுத்தது தேசிய வீட்டுவசதி வங்கி. 60 வயது நிறைந்தவர், தான் சம்பாதித்துக் கட்டிய, தானே குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்தால், பேங்க் அவருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும். இவர் தவணை எதுவும் கட்ட வேண்டாம். கணவனும் மனைவியும் ஆயுள் வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம். அவர்கள் காலத்துக்குப் பின் வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். இல்லாவிட்டால் பேங்க் விற்றுக்கொள்ளும். கடன் வீட்டின் விலையைத் தாண்டிப் போனாலும் மிச்சத்தைப் பிள்ளைகளிடம் கேட்க முடியாது. நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பணத்தைச் சரக்குக் கொள்முதலில் போடக் கூடாது, வியாபாரத்துக்கு உதவாது என்று விதியே சொல்கிறது. நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது.

ஆயுள் வரை என்ற உறுதிக்கும் சில நிபந்தனைகள் உண்டு. ஓராண்டு தொடர்ந்து வீட்டில் குடியிருக்காவிட்டால், வீட்டு வரி கட்டாவிட்டால், இன்சூரன்ஸ் விட்டுப்போனால், வாடகைக்கு விட்டால், தானம் எழுதினால், வேறு கடனுக்கு அதே வீட்டை ஈடு காட்டினால் பேங்க் கடனை முடித்துக்கொள்ளலாம். அந்த வரிசையிலேயே, கடன்காரர் தன்னைத் திவாலானவர் என்று அறிவித்துக்கொண்டால் என்பதும் இருக்கிறது. அதாவது எந்த வீட்டைக் காப்பாற்ற மனு போடுகிறாரோ, அந்த வீட்டுக்கு அந்த மனுவே வினையாகிறது.

அடுத்து கோர்ட் பக்கம். 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அதில் தனி நபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 1-12-2019 முதல் அமலாகியிருக்கிறது. காஞ்சிபுரத்து மளிகைக்காரருக்கு இன்றும் 1920-ஆம் ஆண்டு மாகாண இன்சால்வென்சி சட்டம்தான். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு!

திவாலானவர் என்று கோர்ட் உத்தரவிட்டதும் அவருடைய சொத்து ரிசீவர் வசம் போகிறது. சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தியிலிருந்து விலக்கியவை மட்டும் தப்பும். கைத்தொழிலாளியின் கருவிகளுக்கு விலக்கு உண்டு, விவசாயி குடியிருக்கும் வீட்டுக்கும் உண்டு. நெசவாளரின் தறி தப்பும். அவருக்கு அரிசி பருப்பு கொடுத்தவரின் வீடு தப்பாது. அடமானம் வாங்கிய பேங்கையோ இந்த வழக்கு கட்டாது. 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டில் வழக்குப் போடாமலே அது வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு 40 லட்சம் பெறும், பேங்க் கடன் வட்டியோடு 22 லட்சம், நமக்கெல்லாம் தர வேண்டியது 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் 36 லட்சம் போனால் பேங்க் தன் 22-ஐ எடுத்துக்கொள்ளும். மிச்சம் 14 லட்சம் ரிசீவரிடம் போகும். செலவு போக நமக்கு ரூபாய்க்கு ஐம்பது காசு தேறினால் அதிகம். மாதப் பணமும் நின்று, அந்தத் தம்பதி வாடகை வீடு தேட வேண்டும்.

வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதிவிடலாம் என்பது இன்னொரு தப்பான யோசனை. விலையில்லாமல் எழுதிக் கொடுத்து இரண்டு ஆண்டுக்குள் மனு வந்தால் அது செல்லாமல் போகும். அதற்கு முன்பே, தானம் எழுதியதற்காகப் பேங்க் பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டு. புளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களில் அது மிகத் தாராளம். அங்கேயுள்ள பிள்ளைகள் போனில் சொல்வதைக் கேட்டு இங்கே மனு போடக் கூடாது.

இன்னொன்று. "என்னால் இனிக் கடன் கட்ட முடியாது, கொடுக்கலை நிறுத்துகிறேன்" என்று கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதே சட்டப்படி ஒரு திவால் செயல். மூன்று மாதத்துக்குள் அதைக் காட்டி நம்மில் யாரும் அவர்மேல் மனு போடலாம். அதனால் வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதுதான் இரு தரப்புக்கும் லாபம். பேசி முடிக்கும்போது வீட்டை மட்டும் ஈடாக எழுதி வாங்கக் கூடாது. அதுவும் பேங்க் நிபந்தனைக்கு விரோதம்.

என்னிடம் வந்தவர் மனு போடவில்லை. சரக்குக் கொடுத்த ஐந்து பேர் சங்க அலுவலகத்தில் கூடி, ரூபாய்க்கு அறுபது காசு, 30 மாதத் தவணை என்று எழுதினோம். நால்வர் கையெழுத்துப் போட்டோம். ஐந்தாமவர் முழுப் பணமும் வேண்டும் என்கிறார். கையெழுத்துப் போடாதவரை இந்த ஒப்பந்தம் கட்டாது, அவர் தனியாக மனு போட்டாலும் வீடு போய்விடும். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி அவர் கடைக்குப் போகிறோம்.